மனிதர் மூஞ்சூறாகவும் யானையாகவும் மாறும் கதையில் எடை எங்கே போகிறது?

மைக்கூடு:

வணக்கம். நெடுங்கதை ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு சாபத்தில் மூன்று உடன்பிறப்புகள் உருமாறுகிறார்கள். அக்கா யானையாகிறாள், தம்பி மூஞ்சூறாகிறான், கடைக்குட்டித் தங்கை வெண்கல மணியாகிறாள். மூவருக்கும் பழைய நினைவு அப்படியே இருக்கிறது. ஒருவரை ஒருவர் தேடிக் கண்டுபிடித்து, இன்னார் என்று அடையாளம் தெரிந்துகொண்டால் சாபம் நீங்கும்.

உருமாறும் காட்சியை எழுதி முடித்துவிட்டேன், அதில் எனக்கு நிறைவுதான். சிக்கல் அதற்கு அப்புறம் வருகிறது. படித்துப் பார்த்த தோழி முதலில் கேட்டது இது: “அறுபது கிலோ ஆள் உள்ளங்கையில் அடங்குகிற மூஞ்சூறாகிவிட்டால் மிச்ச எடை எங்கே போச்சு? யானைக்கு அவ்வளவு உடம்பு எங்கிருந்து வந்துச்சு?” எல்லாம் மாயம் என்று சொல்லிவிடலாம். ஆனால் படிக்கிறவருக்கு அந்த இடத்தில் இந்தக் கேள்வி தோன்றுகிறது என்றால் காட்சியில் பிடிமானம் குறைவு என்றுதானே பொருள்?

அடுத்தது மூஞ்சூறு அத்தியாயம். தம்பி நான்கு காலில் ஓடுகிறான், கதவும் நாற்காலியும் மலை மாதிரி தெரிகின்றன, பூனையைக் கண்டு ஒளிகிறான். அவ்வளவோடு நின்றுவிடுகிறது. யானை அத்தியாயத்தில் இதையே திருப்பிப் போட்டு எழுதியிருக்கிறேன், எல்லாம் சின்னதாகத் தெரிகிறது. சிறியவனுக்கு வேறு உலகம், பெரியவளுக்கு வேறு உலகம் என்று படிக்கிறவர் உணர வேண்டும் என்பது என் ஆசை. அது இன்னும் பக்கத்தில் வரவில்லை.

மணியாகிவிட்ட தங்கையை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை. நகர முடியாது, பார்க்க முடியாது, யாராவது அடித்தால்தான் குரல். ஆனாலும் அவளை விட மனமில்லை, மூவரில் எனக்கு நெருக்கமானவள் அவள்தான்.

மூவரையும் ஒரே கதைக்குள் பிடித்து வைக்கிற மாதிரி என்ன விதி வைக்கலாம்? இந்த வகைக் கதைகளை விரும்பிப் படிப்பவர்கள், எழுதுபவர்கள் சொல்லுங்கள்.

தும்பி:

எடைக்குக் கணக்குக் காட்டியே தீர வேண்டும் என்று இல்லை. மகாபாரதத்தில் நகுஷன் என்ற அரசன் அகத்தியரின் சாபத்தால் மலைப்பாம்பாகிறான். வீமனைச் சுற்றி வளைத்துப் பிடிக்கிறான். தருமன் வந்து அவன் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்ன பிறகு விடுபடுகிறான். அவன் எத்தனை கிலோ என்று அந்த இடத்தில் யாருக்கும் கேட்கத் தோன்றாது. பாம்புக்குள் அரசனின் அறிவும் பேச்சும் மிச்சமிருக்கின்றன, விடுதலைக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. இரண்டும் தெளிவாக இருப்பதால் நாம் கூடவே போய்விடுகிறோம்.

எடையைப் பற்றி எழுதத்தான் வேண்டும் என்றால் எட்டுச் சித்திகளைப் பாருங்கள். அணிமா சிறிதாவது, மகிமா பெரிதாவது, லகிமா லேசாவது, கரிமா கனமாவது. அளவும் எடையும் தனித்தனியாகவே வைக்கப்பட்டிருக்கின்றன. கடல் தாண்டும்போது வழிமறித்த சுரசையின் வாய்க்குள் கட்டைவிரல் அளவில் புகுந்து வெளியே வந்த அனுமன், வேறோர் இடத்தில் வயதான குரங்காகப் படுத்துக்கொண்டு வாலை மட்டும் வழியில் போட்டிருக்கிறான். வீமனால் அந்த வாலை அசைக்க முடியவில்லை. உருவம் சாதாரணக் குரங்கு, கனம் மட்டும் வேறு. உங்கள் மூஞ்சூறும் அறுபது கிலோவோடே இருந்தால் என்ன ஆகும் என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள்.

அகலிகையையும் சொல்ல வேண்டும். கம்பனில் அவள் கல். வால்மீகியில் அவள் கல்லாவதில்லை, காற்றையே உணவாகக் கொண்டு யார் கண்ணுக்கும் தெரியாமல் சாம்பலில் கிடக்கிறாள். ஒரே சாபத்தை இருவரும் எவ்வளவு வேறாக எழுதியிருக்கிறார்கள்! உங்கள் மணிக்கு எந்த வழி பொருந்தும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பழைய வாத்தியார்:

அம்மா, நான் பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவன். அளவு பற்றிய பாடம் எனக்கு உயிர். பாடப் புத்தகத்தில் அரைப் பக்கத்தோடு முடிந்துவிடும், எனக்கு மட்டும் நேரம் போதாது. அதனால் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோழியின் கேள்வி. தும்பி சொல்வது போல் கணக்கைக் கதைக்குள் காட்ட வேண்டாம். ஆனால் எழுதுகிற உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அறுபது கிலோ அப்படியே மறைந்து ஆற்றலாக மாறுவதாக வைத்தால், வெளிப்படுவது சுமார் 1,300 மெகாடன், அதாவது 130 கோடி டன், வெடிமருந்துக்குச் சமம். இதுவரை வெடித்துச் சோதித்த அணுகுண்டுகளில் மிகப் பெரியதே 50 மெகாடன்தான். ஆகவே எடை ‘மறைந்தது’ என்று எழுதாதீர்கள், எங்கோ ‘போனது’ என்று எழுதுங்கள். மனித உடம்பில் கிட்டத்தட்ட 60 சதவீதம் நீர். தம்பி மாறிய இடத்தில் 36 லிட்டர் நீர் பரவி நிற்கிறது, கொஞ்சம் உப்பும் சாம்பலும் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த நீர் வற்றிவிட்டால் அவன் திரும்பி வருவதற்கு உடம்பு ஏது? இந்த ஒரு விவரமே உங்களுக்கு ஓர் அத்தியாயம் தரும். அக்காவுக்கு மூன்று டன் காற்றிலிருந்து வரட்டும். ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ. மூன்று டன்னுக்கு 2,500 கன மீட்டர் வேண்டும், அதாவது பதின்மூன்று, பதினான்கு மீட்டர் பக்கம் உள்ள பெரிய பெட்டி நிறையக் காற்று. அத்தனையும் ஒரு நொடியில் உள்ளே இழுபட்டால் கதவு, சன்னல், காதுச் சவ்வு எல்லாம் என்ன பாடுபடும்! உருமாறும் காட்சிக்குள் இதை வைக்கலாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1638ல் கலிலியோ எழுதி வைத்த கணக்கு இது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் பரப்பு 4 மடங்கு, கன அளவு 8 மடங்கு. எடை கன அளவோடு போகிறது. எலும்பின் வலு அதன் குறுக்குவெட்டுப் பரப்போடு போகிறது. 170 செ.மீ. உயரமும் 60 கிலோ எடையும் உள்ள ஒருவரை எல்லாப் பக்கமும் 4 மடங்கு பெருக்கிப் பாருங்கள். எடை 3,840 கிலோ, யானையின் எடைக்கு வந்துவிட்டார். எலும்பின் குறுக்குவெட்டு 16 மடங்குதான் ஆகியிருக்கும். ஒவ்வொரு எலும்பும் தன் அளவுக்குத் தாங்க வேண்டியதைப் போல நான்கு மடங்கு தாங்க வேண்டும். நின்றால் நிற்பார், தடுக்கி விழுந்தால் எழுந்திருக்க மாட்டார். யானையின் கால் தூண் மாதிரி நேராக இருப்பதும், அது குதிக்காமல் இருப்பதும் இதனால்தான். உங்கள் அக்கா சிறு வயதில் வாய்க்கால் தாண்டிக் குதித்தவளாக இருந்தால், யானையான முதல் நாளே அவளுக்கு இது புரிய வேண்டும். ஒரு சின்னப் பள்ளத்தின் விளிம்பில் நின்று, காலை எடுத்து வைத்து, மண்ணை அழுத்திப் பார்த்து, பின்வாங்குகிறாள். பெரியதாகிவிட்டதால் பயம் போகவில்லை. பூனைக்கும் புலிக்கும் பயப்படுவதற்குப் பதில் இப்போது சரிவுக்குப் பயப்படுகிறாள்.

அதே ஆளைப் பத்தில் ஒரு பங்காக்குங்கள். 17 செ.மீ., எடை 60 கிராம். வீட்டு மூஞ்சூறின் எடைதான் அது! தசையின் வலு நூறில் ஒரு பங்காகக் குறைந்தாலும் எடை ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடுவதால், தன் எடையோடு ஒப்பிட்டால் அவன் பத்து மடங்கு பலசாலி. கூரையிலிருந்து விழுந்தாலும் அநேகமாகப் பிழைத்து ஓடிவிடுவான். ஆகவே அவனை உயரத்துக்குப் பயப்பட விடாதீர்கள். அவனுடைய எதிரி தண்ணீர். நாம் குளித்து எழுந்தால் உடம்பில் ஒட்டியிருக்கும் நீர் அரைக் கிலோ தேறும், அதை யாரும் உணர்வதுகூட இல்லை. சுண்டெலி அளவு உயிர் நனைந்தால் தன் எடைக்குக் கிட்டத்தட்ட இன்னோர் எடையைச் சுமக்க வேண்டும். ஈக்கு ஒரு துளியே உயிருக்கு ஆபத்து. ஒரு மழைக்கு ஒதுங்குகிற காட்சியை இதை மனதில் வைத்து எழுதுங்கள். ரோமம் தோலோடு ஒட்டுகிறது, ஒவ்வொரு அடிக்கும் வயிறு தரையில் இழுபடுகிறது, குளிர் உடனே எலும்புக்குப் போகிறது. கிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால் அவனுடைய தோல்பரப்பு நம்முடையதைப் போலப் பத்து மடங்கு. உடம்புச் சூடு அந்த வேகத்தில் வெளியேறும்.

சூடு போகப் போகத் தின்ன வேண்டும். மூஞ்சூறு இனத்திலேயே மிகச் சிறியது 2 கிராம்தான் இருக்கும். அதன் இதயம் நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும், ஒரு நாளில் தன் எடையை விட அதிகமாகத் தின்னும், சில மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் செத்துப்போகும். உங்கள் தம்பி அதைவிடப் பெரியவன், நிலைமை அவ்வளவு மோசமில்லை. ஆனாலும் அவன் யோசனை ஒவ்வொன்றும் பசியால் பாதியில் அறுபட வேண்டும். அக்காவைத் தேடிப் போகிறான், நல்ல திட்டம் ஒன்று தோன்றுகிறது, அதற்குள் ஒரு கரப்பான் ஓடுகிறது, திட்டம் போய்விட்டது. யானையும் நாள் முழுக்க மேய்கிறது, 150 கிலோ வரை தின்னும், ஆனால் தன் எடையில் அது சுமார் இருபதில் ஒரு பங்குதான். அவள் இதயம் நிமிடத்துக்கு முப்பது தடவை. ஒரு யோசனையை முழுதாக யோசித்து முடிக்க அவளுக்கு அவகாசம் உண்டு. வாக்கிய நீளத்திலேயே இதைக் காட்டலாம். தம்பிக்குச் சின்னச் சின்ன வாக்கியங்கள், அக்காவுக்கு நீளமானவை.

இன்னொன்று, மூஞ்சூறு எலி இனம் அல்ல. பூச்சி தின்னி. கயிறு கடித்து யாரையும் விடுவிக்கிற காட்சி வைத்துவிடாதீர்கள், அதன் பல் அதற்கு ஏற்றதல்ல. கண் பார்வையும் குறைவு. சுவரை ஒட்டியே ஓடும், மூக்குதான் வழிகாட்டி. குட்டிகள் ஒன்றன் வாலடியை ஒன்று கவ்விக்கொண்டு தாயின் பின்னால் வரிசையாகப் போகும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தம்பியின் அத்தியாயத்தில் “எல்லாம் பெரிதாகத் தெரிந்தது” என்ற வாக்கியமே தேவையில்லை. அவனுக்கு எதுவும் சரியாகத் தெரியாது. சுவர் விளிம்பின் ஈரமும் வாசனையும் மீசை ரோமத்தில் படுகிற காற்றும்தான் அவன் உலகம்.

மைக்கூடு:

ஐயா, இதை இரண்டு முறை படித்தேன். சரிவுக்குப் பயப்படும் அக்காவை இன்றே எழுதத் தொடங்கிவிட்டேன். நீங்கள் இருவரும் சொன்னதிலிருந்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஒவ்வொருவருக்கும் அளவால் வரும் தொல்லை ஒன்றே ஒன்று. அக்காவுக்குச் சரிவு, தம்பிக்கு நீர். மற்ற விவரங்களெல்லாம் போகிற போக்கில் வரட்டும்.

தும்பி, அறுபது கிலோ மூஞ்சூறு மனதை ரொம்பவே இழுக்கிறது. ஆனால் அவன் கால் வைக்கிற இடமெல்லாம் புதையும், அது வேறு கதையாகிவிடும். அதைத் தனியாக எழுதி வைக்கிறேன்.

இரண்டு இடத்தில் இன்னும் நிற்கிறேன். அக்காவும் தம்பியும் சந்தித்தாலும் பேசிக்கொள்வது எப்படி? அப்புறம், மணி.

வார்ப்புப்பட்டறை:

மணி வார்க்கிற வேலையில் இருப்பவன் என்பதால் அந்தப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

மணி வெண்கலம் என்பது ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு செம்பு, ஒரு பங்கு வெள்ளீயம். ஒரு லிட்டர் சுமார் எட்டரை கிலோ. எடை மாறாமல் உங்கள் தங்கை மணியானால் உலோகம் மொத்தம் ஏழு லிட்டர்தான். வாய் அகலம் ஒன்றரை அடிக்குப் பக்கத்தில் வரும், இரண்டு பேர் தூக்கலாம். ஆக, மூவரில் எடை மாறாதவள் இவள் ஒருத்தி. உங்கள் தோழியின் கேள்வி இவளிடம் செல்லாது. இவளிடம் மாறியது பொருள் மட்டும்.

குரலே இல்லாதவள் என்று நினைக்காதீர்கள். மணிக்குள் ஒரே சுருதி இருப்பதில்லை. அடித்தால் பல சுருதிகள் சேர்ந்து எழும். இந்த அளவு மணியில் சில நூறு ஹெர்ட்ஸில் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்ற கணக்கு) தொடங்கிப் பல ஆயிரம் வரை போகும். மேல் சுருதிகள் சீக்கிரம் அடங்கும், அடியில் உள்ளது நெடுநேரம் நிற்கும். வாயின் சுற்று எங்கும் ஒரே கனமாக வார்ப்பது நடக்காத காரியம். இம்மி அளவு ஏற்றத்தாழ்வு எப்போதும் இருக்கும். அதனால் ஒரே சுருதி மிக நெருங்கிய இரண்டாகப் பிரிந்து, ஓசை ஏறி இறங்கி அலை அலையாக வரும். அந்த அலையின் வேகம் மணிக்கு மணி வேறு. பட்டறையில் கண்ணை மூடிக்கொண்டே எது எந்த மணி என்று சொல்லுபவர்கள் உண்டு. அடையாளம் கண்டுகொள்ள உங்களுக்கு வேறென்ன வேண்டும்? தங்கை மனுஷியாக இருந்தபோது அவள் பேச்சில் ஒரு நடுக்கமோ இழுப்போ இருந்திருந்தால், அது இந்த அலையில் இருக்கட்டும்.

அவளுக்கு அனுபவங்களும் உண்டு. வெயிலில் சுருதி இம்மி இறங்கும், குளிரில் ஏறும். மழைக்காற்றில் பச்சை படியும். விரிசல் விட்டால் ஓசை செத்துவிடும், அவளுக்குச் சாவு என்றால் அதுதான். கையை வைத்து அழுத்தினால் வாயடைத்த மாதிரி அடங்கிவிடுவாள்.

பழைய வாத்தியார்:

வார்ப்புப்பட்டறை சொன்னதைப் படித்ததும் உங்கள் இன்னொரு கேள்விக்கும் விடை கிடைத்த மாதிரி இருக்கிறது, அம்மா.

யானைகள் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரையிலான ஆழ்ந்த ஒலியில் பேசிக்கொள்வது 1986ல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் பதிவானது. அதில் பெரும்பகுதி மனிதக் காதுக்கே எட்டாது. மூஞ்சூறுக்கு எட்டவே எட்டாது, தரை அதிர்வாகக் காலில் பட்டால் உண்டு. மறுபுறம், மூஞ்சூறின் கீச்சொலி மிக உயர்ந்த சுருதி. யானையின் செவிக்கு மேல் எல்லை 10,000, 12,000 ஹெர்ட்ஸ் பக்கம்தான், நமக்கு 20,000. தம்பி உயிர் போகிற மாதிரி கத்தினாலும் அக்காவுக்கு அதில் பெரும்பகுதி விழாது. பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் இருவரும் ஒருவருக்கொருவர் ஊமைகள்.

நடுவில் இருப்பவள் தங்கை. அவளுடைய கீழ்ச் சுருதிகள் யானைக்கு நன்றாகக் கேட்கும் இடத்தில் இருக்கின்றன, மேல் சுருதிகள் மூஞ்சூறுக்கு எட்டும் இடத்தில். மூவரில் இருவருக்கும் கேட்கும் குரல் அவள் ஒருத்தியிடம்தான் இருக்கிறது. நகர முடியாதவள் என்று கவலைப்பட்டீர்கள். மற்ற இருவரும் அவளைத் தேடித்தான் வந்தாக வேண்டும்.

மைக்கூடு:

இது எனக்குத் தோன்றவே இல்லை. ரொம்ப நன்றி ஐயா, வார்ப்புப்பட்டறைக்கும் நன்றி.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அறுபது கிராம் தம்பியால் அறுபது கிலோ மணியை அசைக்க முடியாது. யாராவது வழிப்போக்கன் வந்து அடிப்பதாக வைக்க எனக்கு விருப்பமில்லை. அக்கா துதிக்கையால் அடிக்கலாம், ஆனால் அப்போதும் தங்கை தானாகப் பேசியதாக ஆகாதே?

வார்ப்புப்பட்டறை:

அடிக்க வேண்டாம். அக்கா பிளிறட்டும்.

பட்டறையில் ஒரு மணியை அடித்தால் அதே சுருதி உள்ள இன்னொரு மணி யாரும் தொடாமலே லேசாக அதிரும். விரல் நுனியை வைத்தால் தெரியும். யானையின் பிளிறல் ஒரே சுருதியில் நிற்பதில்லை, ஏறி இறங்கும். அந்த ஓட்டத்தில் எங்காவது மணியின் சுருதி ஒன்றைத் தொட்டுவிட்டுப் போகும். அந்த ஒரு சுருதிக்கு மட்டும் மணி பதில் சொல்லும், மற்றதற்கெல்லாம் சும்மா இருக்கும். சத்தம் மெல்லியதுதான். ஆனால் தம்பி அப்போது மணியின் விளிம்பில் நான்கு காலையும் ஊன்றி உட்கார்ந்திருந்தால் அவனுக்கு அது தப்பாது.

பழைய வாத்தியார்:

அருமை. காலக் கணக்கை மட்டும் மறந்துவிடாதீர்கள், அம்மா. யானை அறுபது, எழுபது வருடம் இருக்கும், மணி நூற்றாண்டுகள் இருக்கும், வீட்டு மூஞ்சூறுக்கு ஒன்றிரண்டு வருடம்தான். அக்கா நிதானமாகத் தேடிக்கொண்டிருந்தால் தம்பி போய்விடுவான். கதை முழுதையும் ஒரு மழைக்காலத்துக்குள் அடக்கிவிடுங்கள். அவனுடைய 36 லிட்டர் நீரும் கோடையில் வற்றிவிடும், அவனுக்கு ஆகாத மழையும் அதே மாதங்களில்தான் வரும்.